அனிமே வரியைத் தமிழில் எழுதும் முன்: ‘ஏப்ரல் உன் பொய்’ நோட்டிலிருந்து

தோழி ஒருத்தி வேலை மாறிப் போனபோது, வாழ்த்து அட்டையில் ‘நீ இல்லாத வசந்தம் வரும்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண் கலங்கினாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அந்த வரி வருகிற ‘ஏப்ரல் உன் பொய்’ என்ற அனிமேயை, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடரை, ஒரே வார இறுதியில் முழுக்கப் பார்த்துவிட்டு இரவு பதினொன்றரை மணிக்குப் போன் செய்தாள். “ஏண்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவள் கேட்டது நியாயம்தான். வரியை மட்டும் பிய்த்து எடுத்தேனே தவிர, அது யார் யாரைப் பற்றிச் சொன்னது என்பதை அட்டையில் எழுதும்போது மறந்துவிட்டேன். அன்றிலிருந்துதான், பிடித்த வரிகளைத் தமிழில் எழுதி வைக்கிற என் நோட்டுக்கு ஒரு முறை வந்தது. உங்களுக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் கதையின் முடிவு வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கும் ஓடிப்போகாது.

ஜப்பானிய மொழியில் அதன் பெயர் ‘ஷிகாட்சு வா கிமி நோ உசோ’. நவோஷி அரகாவா 2011 முதல் 2015 வரை மாத இதழில் வரைந்த மங்கா, அதாவது படக்கதை, மொத்தம் 11 தொகுதிகள். அனிமே 2014 அக்டோபரில் தொடங்கி 2015 மார்ச்சில் முடிந்தது, 22 பகுதிகள். அம்மா இறந்தபின் தான் வாசிக்கும் பியானோவின் ஒலியே காதில் விழாமல் போன அரிமா கோசே, அவனை மறுபடி மேடையேற்றும் வயலின்காரி மியாசோனோ காவோரி. இருவரும் பள்ளிப் பிள்ளைகள். பதினான்கு வயது என்பதை மறக்காதீர்கள், மொழிபெயர்க்கும்போது இந்த வயது அடிக்கடி குறுக்கே வரும்.

முதல்முறை பார்க்கும்போது பேனாவை எடுக்கவே வேண்டாம். எடுத்தால் கண் வரிகளைத் தேட ஆரம்பித்துவிடும், கதை நழுவிவிடும். இரண்டு நாள் கழித்தும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற வரி எதுவோ, அதை மட்டும் தேடிப் போங்கள். எனக்கு அப்படித் தங்கியவை ஏழோ எட்டோதான். இணையத்தில் பூப்படத்தின் மேல் அச்சடித்துச் சுற்றுகிறவற்றில் பாதி, எந்தப் பகுதியில் வருகிறது என்று தேடினால் அகப்படவே இல்லை. அகப்பட்டதிலும் சில வேறு யாரோ சொன்னவை.

அதனால் நோட்டில் வரிக்கு மேலே அதன் விலாசத்தை எழுதிவிடுவேன். பகுதி எண், நிமிடம், சொன்னவர், கேட்டவர், அப்போது பின்னால் ஓடிய இசை. கேட்டவர் யார் என்பதை விட்டுவிடாதீர்கள். இந்தக் கதையில் பல வரிகள் எதிரில் இருப்பவரிடம் சொல்லப்படுவதில்லை, மனசுக்குள் ஓடுபவை. அவற்றை வாய்விட்டுச் சொன்னது மாதிரி எழுதினால் கனம் வேறாகிவிடும்.

அடுத்தது, ஆங்கில வசனத்திலிருந்து தமிழுக்கு வராதீர்கள். ஜப்பானிய மொழி தெரியாதே என்பீர்கள். எனக்கும் அரைகுறைதான். ஆனால் ஒரு வரியை நான்கைந்து தடவை கேட்டு, அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரிக்க முடியும். ஏன் இந்தப் பாடு என்றால், அந்த மொழியின் வாக்கிய அடுக்கு நம்முடையதோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் தலைகீழாக்கி மறுபடி நிமிர்த்த வேண்டியிருக்கும்.

என்னைச் சிக்க வைத்த அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். கடைசிப் பகுதியில், காவோரி இறந்துபோனபின், கோசே மனசுக்குள் சொல்வது. மோசுகு ஹரு கா குரு. கிமி தோ தேஅத்தா ஹரு கா குரு. கிமி நோ இனாய் ஹரு கா குரு. ‘ஹரு’ வசந்தம், ‘குரு’ வரும், ‘கிமி’ நீ, ‘தேஅத்தா’ சந்தித்த, ‘இனாய்’ இல்லாத. அடுக்கிப் பாருங்கள்:

இன்னும் கொஞ்ச நாளில் வசந்தம் வரும். உன்னைச் சந்தித்த வசந்தம் வரும். நீ இல்லாத வசந்தம் வரும்.

சொல் வந்த வரிசையிலேயே தமிழ் விழுகிறது. ‘சந்தித்த’, ‘இல்லாத’ என்று பெயருக்கு முன்னால் எச்சம் வந்து உட்காரும் வசதி நமக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் வசந்தத்தைச் சொன்ன பிறகே ‘நீ இல்லாத’ என்பதைச் சொல்ல முடியும். இங்கே ‘நீ இல்லாத’ முதலில் வந்து அடிக்கிறது, அப்புறம் வசந்தம். மூன்று வாக்கியமும் ஒரே சொற்களில் முடிவதும் தமிழில் அப்படியே தங்குகிறது. அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

கெடுப்பது எப்படி என்றால், நான் முதலில் எழுதியது மாதிரி: ‘நீ இல்லாத ஒரு வசந்தம் வந்துகொண்டிருக்கிறது.’ அந்த ‘ஒரு’ ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது, அடித்துவிடுங்கள். ‘வந்துகொண்டிருக்கிறது’ ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ‘வரப்போகிறது’ என்றால் ஏதோ மிரட்டல். ‘வரும்’ என்பதில்தான் இரண்டும் இருக்கிறது, இந்த முறையும் வரும், வருஷா வருஷமும் வரும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். ஜப்பானிய ‘குரு’வும் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே சொல்தான்.

‘தேஅத்தா’ மட்டும் என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. திட்டமிடாமல் ஒருவரை ஒருவர் எதிர்ப்படுவதற்கு அந்தச் சொல். நம் ‘சந்தித்த’ கொஞ்சம் நேரம் குறித்துப் போய்ப் பார்த்தது போல் இருக்கிறது. ‘நீ எதிர்ப்பட்ட வசந்தம்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் அந்தப் பையன் வாயில் நிற்கவில்லை. ‘சந்தித்த’வுக்கே திரும்பினேன். ‘இளவேனில்’ என்ற சொல்லையும் இதே காரணத்துக்காகத்தான் ஒதுக்கினேன். அழகான சொல், ஆனால் பதினான்கு வயதில் யாரும் அதை மனசுக்குள் நினைப்பதில்லை.

வசந்தம் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மார்ச்சில் பட்டமளிப்பு, பிரிவு. ஏப்ரலில் புது வகுப்பு, புது முகம், செர்ரிப் பூ. சந்திப்பும் பிரிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பருவம் அது. தலைப்பில் ஏப்ரல் இருப்பதும் சும்மா இல்லை. தலைப்பையும் அதே முறையில் பிரித்தால் ‘ஏப்ரல் உன் பொய்’. ‘அவன் என் தம்பி’ என்பது போல வினையே இல்லாத வாக்கியம், நமக்குப் பழகியதுதான். ‘ஏப்ரலில் உன் பொய்’ என்று ‘இல்’ போட்டால் நாள்காட்டிக் குறிப்பாகிவிடுகிறது. அந்த ஏப்ரலே பொய்தான் என்கிற உறுத்தல் போய்விடும்.

சின்ன வரிகளுக்கு இவ்வளவு வேலை இல்லை, ஆனால் பொறி உண்டு. கோசே தன்னை ‘யூஜின் ஏ’ என்று சொல்லிக்கொள்வான். நாடகப் பட்டியலில் பெயரில்லாத பாத்திரத்தைக் குறிப்பது போல, கதாநாயகனின் நண்பன், அவ்வளவுதான். ‘நண்பன் ஏ’ என்று எழுதினால் யாரையோ ‘ஏ!’ என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. நான் ‘நண்பன் 1’ என்று வைத்துக்கொண்டேன். எழுத்து எண்ணாக மாறினாலும் துணைப்பாத்திரம் என்ற வலி போகவில்லை. போட்டி மேடையில் அவன் பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட, காவோரியும் நிறுத்திவிட்டு ‘அகெயின்’ என்கிறாள். ஒரே சொல், அதுவும் ஆங்கிலச் சொல். மூலத்திலேயே கடன் வாங்கியதை ‘மீண்டும் ஒருமுறை’ என்று நாம் நல்ல தமிழாக்கி நிமிர்த்த வேண்டியதில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இசையைப் பற்றி ஒன்று. வரியின் பக்கத்தில் இசையின் பெயரை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கிரைஸ்லர் என்ற இசையமைப்பாளரின் ‘லீபஸ்லைட்’ வருமிடத்தில் அந்த ஜெர்மன் பெயருக்குப் பொருள் ‘காதலின் சோகம்’ என்று தெரிந்தால், ஜோடியாக ‘காதலின் மகிழ்ச்சி’ என்றும் ஓர் இசை உண்டு என்று தெரிந்தால், கோசே அம்மாவை நினைத்து வாசிக்கும்போது வரும் வசனங்கள் வேறு மாதிரி கேட்கும். கடைசியில் வருவது ஷோபானின் முதல் பல்லாட் என்ற பியானோ இசை, ஜி மைனர். அதைத் தனியாக, படம் இல்லாமல், ஒருமுறை கேளுங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகும். அப்புறம் வசனத்தை எழுதுங்கள். நான் எழுதி வைத்திருந்ததில் உரிச்சொற்கள் பாதி தானாக உதிர்ந்தன.

இனி கடிதம். காவோரி எழுதி வைத்துவிட்டுப் போன அந்தக் கடிதத்திலிருந்துதான் எல்லோரும் வரி எடுப்பார்கள். ஐந்து வயதில் அவனை மேடையில் பார்த்ததிலிருந்து தொடங்கி, அவன் தனக்கு வாசிக்க வேண்டும் என்பதற்காகவே வயலினுக்கு மாறியதைச் சொல்லி, அவனுடைய நண்பன் வதாரியைப் பிடிக்கும் என்று ஏப்ரலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறாள். முடிவில் மூன்று முறை ‘சுகி தெசு’. இதைத் தமிழில் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அந்த வாக்கியம் நம் பேச்சில் இல்லவே இல்லை. ‘சுகி’க்கு நம்மிடம் அச்சாகச் சொல் இருக்கிறது, ‘பிடிச்சிருக்கு’. உன்னைப் பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு. அவள் பொய்க்குப் பயன்படுத்திய சொல்லும் அதே ‘சுகி’தான், எனவே இங்கேயும் அதே சொல்லைப் போட்டால் பொய்யும் உண்மையும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்.

ஆனால் என் நோட்டில் கடிதத்திலிருந்து நான் எடுத்தது அதையல்ல. அதற்கு அடுத்து அவள் சின்னச் சின்னதாக மன்னிப்புக் கேட்கிறாள். அதில் ஒன்று, அவன் கொண்டுவந்த கனலே கேக்கை முழுக்கச் சாப்பிட முடியாமல் போனதற்கு. ‘கேக்’ என்று சேர்த்தே எழுதுங்கள், ‘கனலே’ என்று தனியாக விட்டால் நம் ஆள் நெருப்பை விளிப்பதாகப் படித்துவிடுவான். மன்னிப்புக் கேட்க அவள் சொல்லும் ‘கோமென் நே’க்கு ‘மன்னித்துவிடு’ போடாதீர்கள், அது கோர்ட்டில் சொல்வது. நான் எழுதி வைத்திருப்பது இப்படி:

22-ஆம் பகுதி. காவோரி, கடிதத்தில், கோசேக்கு. ‘கனலே கேக்கை முழுசா சாப்பிட முடியல, ஸாரி.’

இந்த வரியை மட்டும் யாருக்கும் அட்டையில் எழுதிக் கொடுத்ததில்லை.