சோஷியல் வர்க்கர் வீடு பாக்க வர்றதுக்கு முன்னாடி

புள்ள தத்து எடுக்கப் போறோம்னு சொன்ன அன்னிக்கே தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியாவுல இருக்கிற எங்க வீட்டுல மாமியார் கர்ட்டனெல்லாம் கழட்டி துவைக்கப் போட்டுட்டாங்க. வந்த சோஷியல் வர்க்கர் அம்மா கர்ட்டன் பக்கம் திரும்பிக்கூட பாக்கல, ரெண்டு மணி நேரம் எங்க வாயத்தான் கிளறினாங்க. அதனால டர்பன் பக்கம் யாராவது இப்ப ஆரம்பிக்கிறீங்கன்னா, தொடைக்கிறத விட்டுட்டு பேசி வைக்கிற வேலைய முதல்ல பாருங்க.

பேப்பர் வேலைய தள்ளிப் போடாதீங்க. போலீஸ் கிளியரன்ஸுக்கு ஸ்டேஷன்ல கைரேகை குடுக்கணும், குழந்தைங்களுக்கு கெடுதல் பண்ணவங்க லிஸ்ட்ல உங்க பேரு இல்லன்னு காட்ட ஃபார்ம் 30 போடணும், அப்புறம் ஐடி, டாக்டர் ரிப்போர்ட், சம்பள ஸ்லிப், உங்கள நல்லா தெரிஞ்சவங்க குடுக்கிற லெட்டர். கோவில்ல தாலி கட்டினதோட சரி, ஹோம் அஃபேர்ஸ்ல (கல்யாணம் பதியுற அரசாங்க ஆபீஸ்) பதியலன்னா முதல் நாளே சொல்லிடுங்க, நடுவுல தெரிஞ்சா சங்கடம். சம்பளம் கம்மின்னு பயப்படாதீங்க, பண நிலைமைய காட்டி யாரையும் தள்ளக் கூடாதுன்னு 2005 சில்ட்ரன்ஸ் ஆக்ட்லயே இருக்கு.

வீட்டுல அவங்க பாக்குறது பாதுகாப்பு. ஸ்விமிங் பூல் இருந்தா வேலியோ வலையோ போடுங்க, மாத்திரை, பாரஃபின் (மண்ணெண்ணெய்), பிளீச் எல்லாம் மேல ஏத்துங்க, சாமி விளக்கு புள்ள கைக்கு எட்டாம இருக்கட்டும். அவ்ளோதான்.

பேச்சுதான் கஷ்டம். ரெண்டு பேரையும் சேர்த்தும் கேப்பாங்க, தனித்தனியாவும் கேப்பாங்க. புள்ள இல்லாத வருத்தம், உங்க அப்பா அம்மா உங்கள எப்படி வளத்தாங்க, புருஷன் பொண்டாட்டி சண்ட வந்தா என்ன பண்ணுவீங்க, எல்லாம் வரும். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும், அவங்க தினம் பாக்குற வேலை அது. புள்ள அடம் புடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டப்ப எங்க வீட்டுக்காரர் "ரெண்டு போடுவேன், எங்கப்பா போடலையா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு, ஏன்னா 2019லயே கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் அப்பா அம்மா அடிக்கிறதும் சட்டப்படி தப்புன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. அன்னிக்கு அரை மணி நேரம் அது பத்தியே பேச்சு, ஆனா தள்ளல, மாத்திக்கத் தயாரான்னு மட்டும் பாத்தாங்க.

இன்னொண்ணு, நம்ம மாதிரி இந்தியக் குடும்பத்துகிட்ட ஆப்பிரிக்க புள்ளைய எடுத்துப்பீங்களான்னு கேப்பாங்க. நல்லவங்கன்னு காட்டிக்க சட்டுனு "சரி"ன்னு சொல்லாதீங்க. ஜூலு பாஷை எப்படி சொல்லித் தருவீங்க, முடி எப்படி பின்னுவீங்க, தைப்பூசத்துக்கு காவடி பாக்கக் கூட்டிட்டுப் போனா சொந்தக்காரங்க என்ன முணுமுணுப்பாங்க, அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க, இதெல்லாம் வீட்டுல உடைச்சுப் பேசிட்டு அப்புறம் வாய தொறங்க. வீட்டுக்குப் பின்னாடி தனியா கட்டின அவுட்பில்டிங்ல இருக்கிற மாமா, பாட்டி காதுலயும் போட்டு வைங்க, அவங்ககிட்டயும் கேக்கலாம்.

பாஸ் ஆனா ராகாப் ரெஜிஸ்டர்ல (தத்து குடுக்கக்கூடிய புள்ளைங்க, தத்து எடுக்கத் தகுதியானவங்க பேரு இருக்கிற அரசாங்கப் பதிவேடு) 3 வருஷத்துக்கு பேரு இருக்கும், நடுவுல வீடு மாறினா, வேலை போனா உடனே சொல்லிடுங்க. பெத்தவ சம்மதம் குடுத்தாலும் 60 நாளுக்குள்ள மனசு மாத்திக்கலாம், அதனால அது முடியுற வரைக்கும் ரோடு பூரா கூப்பிட்டு பிரியாணி பானை ஏத்த வேணாம்னு பாட்டிகிட்ட இப்பவே சொல்லி வைங்க.