ஆடும் பல்லுக்குக் கிளிப் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

35 வயதுக்கு மேல் கிளிப் போட்டுக்கொள்ள வருகிறவர்களிடமும், அவர்களுக்குச் சிகிச்சை தொடங்கும் இளம் மருத்துவர்களிடமும், எங்கள் தலைமுறை பயிற்சிக் காலத்தில் செய்த அதே பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். இரவில் பல் துலக்காதது, கிளிப்போடு முறுக்கைக் கடித்தது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிளிப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்று நம்புவது

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்த்திசு இருக்கிறது. கிளிப்பின் விசை அதை ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் இழுக்க, அழுந்திய பக்கத்தில் எலும்பு கரைந்து, இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு உருவாவதால்தான் பல் நகர்கிறது. நகரும் காலத்தில் பல் லேசாக ஆடுவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஈறு நோயால் ஏற்கெனவே எலும்பை இழந்து ஆடும் பல்லின் கதை வேறு. அழற்சி தணியாமல் அதை நகர்த்தினால், மிஞ்சியிருக்கும் எலும்பும் விரைந்து கரையத் தொடங்கும்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, வேறோர் இடத்தில் போட்ட கிளிப்போடு என்னிடம் வந்தார். மேல் முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை மூடத்தான் கிளிப் போட்டிருந்தார்கள். இடைவெளி மூடியிருந்தது, பல்லோ நாக்கு பட்டாலே அசைந்தது. கைப்பேசியில் இருந்த அவருடைய திருமணப் படத்தைக் காட்டச் சொன்னேன். அதில் அந்த இடைவெளியே இல்லை. நடுவயதில் புதிதாக விழும் இடைவெளி பெரும்பாலும் எலும்பு குறைந்து பல் முன்தள்ளியதன் அடையாளம். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டுப் பார்த்தபோது 8 வரை இறங்கியது. சில நிமிட வேலையான அந்த அளவெடுப்பைக் கிளிப் ஒட்டுவதற்கு முன் யாரும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. கட்டிய பணம் போயிற்று, பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று.

எனவே முன்பணம் கட்டுவதற்கு முன் ஈறு ஆழத்தை அளந்து காட்டும்படி கேளுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதைத் தாண்டி ரத்தமும் கசிந்தால், பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை அகற்றும் ஸ்கேலிங்கும் வேர்ச் சுத்திகரிப்பும் முடித்து, சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து, கசிவு நின்று ஆழம் குறைந்த பிறகே கிளிப்பைப் பற்றிப் பேச வேண்டும். அந்த வரிசைப்படி சென்றால், எலும்பு ஓரளவு குறைந்த பல்லையும் மென்மையான விசையால் பாதுகாப்பாக நகர்த்த முடியும். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், ரத்தம் வரவில்லை என்ற அவர்கள் சொல்லை நான் கணக்கில் எடுப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று தள்ளிப்போடுவது

பற்களைப் பிணைத்துப் பிடித்திருந்த காரை அகன்றதும், எலும்பு முன்பே போய்விட்டது வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே ரப்பர் பேண்டை மாட்டி இடைவெளியை மூடுவது

பல்லின் வேர், நுனியை நோக்கிக் குறுகுவதால் பேண்ட் ஈறுக்குள் வழுக்கி மேலேறி, சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். வழக்கமான எக்ஸ்ரேயில் அது தென்படாமலே போகலாம். இப்படி நல்ல பற்களைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

ஆடும் பல்லை நாக்காலும் விரலாலும் அசைத்துப் பார்ப்பது

கையை எடுங்கள்.

எட்டு வயதுக் குழந்தையின் பல் இடைவெளிக்கு அவசரப்படுவது

முன்பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, கோரைப்பற்கள் 11, 12 வயதில் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடும்.

கிளிப்பைக் கழற்றியதும் மருத்துவரை மறந்துவிடுவது

எலும்பு குறைந்தவர்களுக்கு, பற்கள் மீண்டும் விலகாமல் பிடிக்க உட்புறம் ஒட்டப்படும் மெல்லிய கம்பி, பெரும்பாலும் காலம் முழுவதும் இருக்க வேண்டியது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஈறு பரிசோதனையும் தொடர வேண்டும். கம்பியின் ஒட்டு ஒரு பல்லில் விட்டுப்போனால் வலி இருக்காது, நாக்கில் லேசான உறுத்தல் மட்டுமே தெரியும். அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல், அந்த வாரமே சென்று ஒட்டிக்கொள்ளுங்கள்.