மடகாஸ்கர் குட்டி மீன்கொத்தியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்கொத்தி என்றதும் கால்கள் தாமாகவே தண்ணீரை நோக்கிப் போகும். முதல் தவறு அதுதான். மடகாஸ்கருக்கு மட்டுமே உரிய இந்தப் பறவை காட்டுக்குள் வாழ்வது. தவளை, பூச்சி, சிலந்தி என்று பெரும்பாலும் தரையில் ஊர்வதைத்தான் பிடிக்கிறது. ஓடையே இல்லாத காட்டிலும் இருக்கும்.

நீல நிறத்தையும் எதிர்பார்க்காதீர்கள். நம் குளக்கரையில் பார்க்கும் சிறு நீல மீன்கொத்திக்கு நேர்மாறாக, இதற்கு மேலே செம்மஞ்சள், கீழே வெள்ளை, அலகும் காலும் சிவப்பு. தீவிலுள்ள இன்னொரு மீன்கொத்தி நீல நிறமும் கறுப்பு அலகும் கொண்டது. ஆறு, நெல்வயல், கடலோரம் எங்கும் தென்படும். இலைமறைவில் அலகு மட்டும் தெரிந்தால்கூட வளர்ந்த பறவையை இனம் பிரித்துவிடலாம்.

பலரும் அண்ணாந்தே பார்க்கிறார்கள். இது உட்காருவதோ தரையிலிருந்து ஓரிரண்டு மீட்டர் உயரத்தில், மெல்லிய கிளையிலோ கொடியிலோ. நீளம் 13, 14 சென்டிமீட்டர்தான். அசையாமல் வெகுநேரம் இருந்து, சட்டென்று தரையில் பாய்ந்து இரையோடு திரும்பும். ஆகவே நடந்துகொண்டே தேடினால் நாம் கண்டுகொள்ளும் முன் அது பறந்துவிடும். பத்து அடி நடந்து மூன்று நிமிடம் நில்லுங்கள். தாழ்வான கிளைகளை மட்டும் இடமிருந்து வலமாக மெதுவாகப் பாருங்கள். பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். பெரும்பாலும் அருகிலேயே தாழ்வாக மறுபடி உட்காரும்.

மேற்கிலுள்ள அங்கராபன்ட்சிகா, கிரிண்டி உலர்காடுகளில் பார்ப்பது எளிது. கிழக்கே அந்தாசிபே, ரனோமபனா மழைக்காடுகளிலும் உண்டு, ஆனால் அங்கே இருட்டும் அடர்த்தியும் கண்ணை மறைக்கும். ஜூலை, ஆகஸ்டில் மேற்கே உதிர்ந்த சருகின் நிறத்திலேயே பறவையும் கலந்துவிடுவதால், மழை தொடங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவது நல்லது. ஜனவரிக்குப் பின் புயல்மழையில் சாலைகள் கெடும்.

படமெடுப்போர் காட்டின் இருட்டை நம்பி ஒளியைக் கூட்டிவிடுகிறார்கள். வெள்ளை வயிறு வெளுத்து, இறகின் விவரமே போய்விடுகிறது. கேமராவில் ஒளியளவை அரை முதல் முக்கால் ஸ்டாப் (ஒளியளவின் படி) குறைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

இது மண்சரிவில் வளை தோண்டி முட்டையிடுகிறது. இரையைக் கவ்வியபடி ஒரே இடத்தில் தயங்கி நிற்கும் பறவையைக் கண்டால், வளை அருகில் இருக்கிறது, நாம் குறுக்கே நிற்கிறோம் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள்.