மலைப்பாதையில் இருவர்: பின் இருக்கையை மறந்து செய்யும் தவறுகள்

சென்ற டிசம்பரில் கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வழிகாட்டியோடு நீலகிரியைச் சுற்ற வந்த ஐந்து தம்பதிகளில் ஒரு தம்பதி. கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "என்ன அருமையான பாதை!" என்றார். பின்னால் இருந்த பெண் இறங்க முயன்றார். முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. பாதி மலை ஏறும்போதே நடுக்கம் தொடங்கிவிட்டதாம். "எனக்காக எல்லோரும் நிற்க வேண்டுமே என்று சொல்லவில்லை அக்கா" என்றார்.

என் கணவரும் நானும் இத்தகைய குழுக்களில் கடைசி வண்டியாகப் போகிறவர்கள். அவர் ஓட்டுவார், நான் பின்னால் அமர்வேன். முன்னே போகும் அத்தனை பேர் செய்வதும் அங்கிருந்து தெரியும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவரை மட்டும் மனத்தில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது.

குளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். இரண்டு மணி நேரத்துக்குள் 12 டிகிரி இறங்குகிறது, அதற்கு மேல் காற்று வேறு. ஓட்டுபவருக்குக் கைகளும் கால்களும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பின்னால் இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத்தான் முதலில் குளிரும். ஆனால் நல்ல ஜாக்கெட்டும் கையுறையும் ஓட்டுபவரிடமே இருக்கும். மனைவி துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருப்பார். அந்தத் துப்பட்டா குளிரைத் தடுக்காது என்பதோடு, அவிழ்ந்து பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தையே இழுத்துவிடும். துப்பட்டா, சால்வை, சேலை முந்தானை எதுவும் மலையில் வண்டியில் வேண்டாம். இருவருக்கும் ஒரே தரத்தில் ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி. ஹெல்மெட் இருவருக்கும் சட்டப்படியே கட்டாயம்.

அடுத்தது வண்டி. பின்னால் ஒருவர் ஏறியதும் அது வேறு வண்டியாகிவிடுகிறது. பின்பக்கச் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், அமுங்குகிறது, முன்பக்கம் லேசாகிறது, முகப்பு விளக்கு மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. இருவர் பயணத்துக்கான டயர் காற்றழுத்தம் தனியாக உண்டு, கையேட்டில் இருக்கும். சஸ்பென்ஷனை இறுக்குவது எப்படி என்றும் அதிலேயே இருக்கும். வாடகை வண்டி என்றால் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடலாம்.

இனி நான் அதிகம் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன்: இறக்கம். ஏறும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இறங்கும்போது வண்டி தானே ஓடுவதால் மனம் தளர்ந்துவிடுகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். மலையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று ஊர் ஓட்டுநர்கள் சொல்வார்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வளைவுக்கு முன் மட்டும் போதும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு மிக மெதுவாக இறங்கினால் அதன் கிளட்ச் தானாகவே விடுபட்டுவிடும். பிறகு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. நியூட்ரலில் போவதும் அதுவும் ஒன்றுதான். இருவர் எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நாங்கள் அப்படித்தான் இறங்கினோம். முதலில் கருகிய வாசனை வந்தது. எனக்குத்தான் வந்தது; ஏதோ லாரி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்தது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். முக்கால் மணி நேரம் வண்டியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வாசனையை உடனே சொல்லியிருக்க வேண்டியவள் நான். லேசாக ஆக்சிலரேட்டரைத் திருகினால் கிளட்ச் மீண்டும் பிடிக்கும். முன் பின் பிரேக்குகளை விட்டு விட்டுப் பிடியுங்கள். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். சூட்டைத் தணிக்க பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தகடு வளைந்துவிடலாம்.

பின்னால் இருப்பவருக்கும் வேலை இருக்கிறது. வளைவில் வண்டி சாயும் பக்கமே உடலும் சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வளைவிலிருந்து வெளியே தள்ளும். வளைவு திரும்பும் பக்கத்தில் ஓட்டுபவரின் தோளுக்கு மேலாகப் பார்த்தாலே உடல் சரியாக வந்துவிடும். புறப்படும் முன் சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தோளில் ஒரு தட்டு, மெதுவாக; இரண்டு தட்டு, நிறுத்து. இரண்டு தட்டுக்குக் காரணம் கேட்கக் கூடாது. கழிப்பறைக்காக இருக்கலாம், தலைசுற்றலாக இருக்கலாம். வழியில் எங்கெங்கே பெண்கள் போகத்தக்க கழிப்பறை இருக்கிறது என்று வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவர் ஜோடிகளை அதிகம் அழைத்துப் போனவர் இல்லை. போக வர வெட்கப்பட்டு நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காத பெண்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

வழிகாட்டி இருப்பதாலேயே நேரும் தவறு ஒன்றும் உண்டு. அவர் ஒரு லாரியை முந்துவார். பின்னாலேயே மூன்று வண்டிகள் முந்தும். அவருக்குக் கிடைத்த இடைவெளி அவருக்கானது, உங்களுக்கு அங்கே பஸ் வந்துகொண்டிருக்கும். பின்தங்கினால் பின்தங்குங்கள். பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும் வரை நின்றால் யாரும் தொலைய மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்துக்கு முழுச் சாலையும் தேவைப்படும், வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதே விதி.

கைபேசி வரைபடத்தை நம்பி ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியே கிளம்பிவிடுகிறார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துப் பாதையில் வெளியூர்ப் பதிவெண் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை, ஏறலாம். இறங்குவதற்குக் கூடலூரைச் சுற்றித்தான் போக வேண்டும், தூரம் ஏறத்தாழ இரட்டிப்பு. முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வந்ததால் முன்கூட்டியே எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு.

மழையைப் பற்றி ஒன்று. நீலகிரிக்கு ஒரே மழைக்காலம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் பெய்யும். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. மாதத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு, நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்கிடச் சொல்வேன். கடைசி நாளுக்கு அதிலும் குறைவு. மேட்டுப்பாளையத்தில் இரவு ரயில் என்று மாலை வரை கொடநாட்டில் படம் எடுத்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் இறங்குகிறார்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும் நேரமும் அதுதான். யானை நின்றால் எஞ்சினை உறுமவிடாமல், ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே நின்று காத்திருக்க வேண்டும். அதற்கு நேரம் கையில் இருக்க வேண்டும். அந்த டிசம்பர் தம்பதியை மறுநாள் பகல் உணவுக்கு முன்பே இறங்க வைத்தோம். அந்தப் பெண்ணின் கையில் என் கம்பளிக் கையுறை இருந்தது. பர்லியாறுக்கு எதிர்ப்புறத்து மலை வெயிலில் தெளிவாகத் தெரிந்த ஒரு வளைவில் அவர் கணவரின் தோளில் இரண்டு முறை தட்டினார். வண்டி நின்றது.