பிரிட்டன் ஸ்பௌஸ் விசா: வருமானக் கணக்கில் எங்கே சறுக்குகிறார்கள்?

பிரிட்டனில் இருந்துகொண்டு கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள எவ்வளவு வருமானம் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும்: ஆண்டுக்கு 29,000 பவுண்ட். 2024 ஏப்ரல் 11 முதல் அதுதான் குறைந்தபட்சம். அதற்கு முன், 2012 ஜூலையிலிருந்து, 18,600 பவுண்டாக இருந்தது. தொகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை எத்தனை மாதத்துக்கு, யாருடைய பெயரில், எந்தக் காகிதத்தால் காட்ட வேண்டும் என்பதில்தான் விண்ணப்பங்கள் விழுகின்றன. 32,000 சம்பாதிப்பவருக்கு விசா மறுக்கப்படுவதும், 29,000ஐ மயிரிழையில் தாண்டியவருக்குக் கிடைப்பதும் இதனால்தான்.

இடையில் 38,700 என்றொரு எண் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் அப்படித்தான் அறிவித்தார்கள். படிப்படியாக ஏற்றுவதாகச் சொல்லி, முதல் படியாக 29,000 வந்தது. 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த லேபர் அரசு அடுத்த படிகளை நிறுத்தி வைத்தது. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் தளத்தில் ஒருமுறை தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர் சொன்னதை நம்பி உட்கார வேண்டாம். இன்னொன்று: 29,000 என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. கைக்கு வரும் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, எட்டவில்லை என்று ஒரு வருடம் சும்மா காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்பதற்காக இப்போது கூடுதல் தொகை எதுவும் கிடையாது. பழைய விதியில் முதல் பிள்ளைக்கு 3,800, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 என்று ஏறியது.

யாருடைய வருமானம்?

வெளிநாட்டிலிருந்து முதல்முறை விண்ணப்பிக்கும்போது, அங்கே இருக்கும் கணவனோ மனைவியோ வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. அவர் பெரிய ஐடி கம்பெனியில் கை நிறையச் சம்பாதித்தாலும் சரி, டாக்டராக இருந்தாலும் சரி. இங்கே இருப்பவரின் சம்பளம் மட்டும்தான். ஆனால் விண்ணப்பிப்பவரின் சேமிப்பு, ஓய்வூதியம், அவர் பெயரில் உள்ள வீட்டின் வாடகை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. சம்பளத்தைக் காட்டித் தோற்றுப்போகிறார்கள், வாடகையைக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

வாடகையிலும் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் குடியிருக்கும் அதே வீட்டில் ஒரு அறையை விட்டு வாங்கும் பணம் எண்ணப்படாது. வீடு உங்களுடையதாக இருக்க வேண்டும், நீங்கள் அதில் வசிக்கவும் கூடாது.

அண்ணன் பார்த்துக்கொள்வார், மாமா கடிதம் தருவார் என்பதெல்லாம் சாதாரண விண்ணப்பத்தில் எடுபடாது. 2017 பிப்ரவரியில் இந்த வருமான விதியை எதிர்த்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், விதி செல்லும், ஆனால் மற்ற வழிகளில் வரும் நம்பத்தகுந்த ஆதரவையும் பார்க்க வேண்டும் என்றது. அதன்படி அதே ஆண்டு ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். இருந்தாலும் அது திறந்திருக்கும் வழி அல்ல. விசாவை மறுத்தால் குடும்பத்துக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, நியாயப்படுத்த முடியாத அளவு கடுமையான பாதிப்பு வரும் என்று காட்ட முடிந்தால்தான் மூன்றாம் நபரின் உதவியை எடுத்துப் பார்ப்பார்கள். மாமாவின் கடிதத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பான்சர் செய்பவர், அதாவது பிரிட்டனில் இருந்து துணையை அழைப்பவர், பிப் (PIP), கேரர்ஸ் அலவன்ஸ், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் போன்ற, உடல்நலக் குறையுள்ளவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குமான சில அரசு உதவித்தொகைகளைப் பெறுபவராக இருந்தால் 29,000 தேவையே இல்லை. வீட்டுச் செலவும் வரியும் போக மிஞ்சுவது இரண்டு பேர் வாழப் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பித்தால் கட்டிய பணம் போய்விடும்.

வேலை மாறியவர்களின் தலைவலி

சம்பளக்காரர்களுக்கு இரண்டு பிரிவுகள். ஒரே இடத்தில் ஆறு மாதம் முடித்தவர்கள் ஏ பிரிவு. ஆறு மாதம் ஆகாதவர்கள், இடையில் வேலை மாறியவர்கள், சம்பளம் ஏறி இறங்குபவர்கள் பி பிரிவு. அதிகமான பேர் விழுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏ பிரிவில் நிலையான சம்பளக்காரருக்கு, அந்த ஆறு மாதத்தில் ஆகக் குறைவாக வந்த மாதத்தை வைத்துத்தான் வருட வருமானத்தைப் போடுவார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 30,000, அதாவது மாதம் 2,500 என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவர் ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துவிட்டார். அந்த மாத பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) ஏறத்தாழ 1,923 பவுண்ட்தான் இருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 23,076. காகிதத்தில் அவர் இப்போது தகுதி இல்லாதவர். எந்தக் கல்யாணத்துக்காகப் போனாரோ அதே பயணம்தான் விசாவைத் தள்ளிப்போட வைக்கிறது. திட்டமிடும்போதே சம்பளத்துடன் கூடிய விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த மாதம் ஆறு மாதக் கணக்கிலிருந்து வெளியே போகும்வரை பொறுக்கலாம். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்குக் குறைந்த மாதத்தைப் பார்ப்பதில்லை, சராசரியைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு மோசமான மாதம் அவ்வளவு பெரிய அடி அல்ல.

பி பிரிவில் இரண்டு சோதனை, இரண்டிலும் தேற வேண்டும். இன்றைய வேலையில் ஆண்டுச் சம்பளம் 29,000க்குக் குறையக்கூடாது. அத்துடன், கடந்த பன்னிரண்டு மாதத்தில் உண்மையில் வாங்கியதும் 29,000க்குக் குறையக்கூடாது. முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

26,000 சம்பளத்தில் இருந்த ஒருவர் 35,000க்குப் புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நல்ல சம்பளம், இனி என்ன பயம் என்று விண்ணப்பிக்கிறார். பழைய வேலையில் ஒன்பது மாதத்துக்கு 19,500, புதியதில் மூன்று மாதத்துக்கு 8,750, மொத்தம் 28,250. மறுப்பு. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் கூட்டுத்தொகை சரியாக 29,000 வந்திருக்கும். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நிம்மதியாகத் தாண்டியிருப்பார். ஆறு மாதம் ஆகிவிட்டால் ஏ பிரிவுக்கே போய்விடலாம், பழைய சம்பளத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

வார நாளில் ஒரு வேலை, சனி ஞாயிறில் ஒரு வேலை என்று ஓடுபவர்கள் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏ பிரிவுக்கு இரண்டிலும் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும், இரண்டு இடத்திலிருந்தும் தனித்தனிக் கடிதம் வேண்டும். பிரசவ விடுப்பிலோ நோய் விடுப்பிலோ இருப்பவர்களுக்குக் காலக்கணக்கு விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கிப் போகும். குறைந்த சம்பளம் வருகிறதே என்று அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஸ்பான்சரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார், இருவரும் சேர்ந்து பிரிட்டன் திரும்பப் போகிறார்கள் என்றால் அங்குள்ள சம்பளம் மட்டும் போதாது. திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கும் வேலைக்கான உறுதியான ஆஃபர் கையில் இருக்க வேண்டும்.

சொந்தத் தொழில், சொந்தக் கம்பெனி

வரியைக் குறைக்க லாபத்தைக் குறைத்துக் காட்டுவது தொழில் செய்பவர்கள் பலரின் பழக்கம். விசாவுக்கு வரும்போது அந்தக் குறைந்த லாபம்தான் உங்கள் வருமானம். கடையில் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. கடைசியாக முடிந்த முழு நிதியாண்டைத்தான் பார்ப்பார்கள், அல்லது கடைசி இரண்டு ஆண்டுகளின் சராசரியை. தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு நிதியாண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. ஏப்ரல் நடுவில் விண்ணப்பித்தால் பத்து நாள் முன்பு முடிந்த ஆண்டுக்கான வரிக்கணக்கு வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டை நீட்ட முடியாது. வரி தாக்கல் செய்ய அடுத்த ஜனவரி 31 வரை நேரம் இருக்கிறதே என்று காத்திருக்காமல், ஆண்டு முடிந்ததும் தாக்கல் செய்துவிடுவது நல்லது.

சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்துத் தனக்குத்தானே சம்பளம் போட்டுக்கொள்பவர்கள் தங்களைச் சம்பளக்காரர்கள் என்று நினைத்து ஆறு மாத பேஸ்லிப்பைக் கொடுப்பது இன்னொரு தவறு. கம்பெனியின் பங்குகள் உங்கள் கையிலோ குடும்பத்தார் கையிலோ இருந்தால் பெரும்பாலும் நீங்கள் ஏ பிரிவில் வர மாட்டீர்கள். கம்பெனியின் முழு நிதியாண்டுக் கணக்கு, கார்ப்பரேஷன் வரி (கம்பெனி லாபத்துக்குக் கட்டும் வரி) காகிதம் எல்லாம் வேண்டும். தேவையான பட்டியலும் மிக நீளமானது. கணக்காளர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அப்புறம், தொழில் வருமானம் கொஞ்சம் குறைகிறது என்றால் சேமிப்பைக் கொண்டு அதை நிரப்ப முடியாது. அந்த வசதி சம்பளக்காரர்களுக்கு உண்டு, தொழில் செய்பவர்களுக்கு இல்லை.

சேமிப்பு

சம்பளம் 25,000, குறைவது 4,000, பேங்கில் 4,000 இருந்தால் போதும் என்று நினைப்பது சகஜம். கணக்கு அப்படி இல்லை. முதல் 16,000 பவுண்டை எண்ணவே மாட்டார்கள். அதற்கு மேல் உள்ள பணம் குறைகிற தொகையைப் போல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். 4,000க்கு இரண்டரை மடங்கு 10,000. ஆக மொத்தம் 26,000 பவுண்ட். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500.

அந்தப் பணம் ஆறு மாதமாக உங்கள் பெயரிலோ, துணையின் பெயரிலோ, இருவரின் கூட்டுக் கணக்கிலோ இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும், குறைந்த அந்தத் தொகைதான் எண்ணப்படும். ரூபாயில் இருந்தால் விண்ணப்பத் தேதியின் மாற்று விகிதத்தில் பவுண்டாக்கிப் பார்ப்பார்கள். விகிதம் சரிந்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உடனே எடுக்கக்கூடிய வைப்புத்தொகை பரவாயில்லை, முன்கூட்டி எடுத்தால் வட்டி போகும் என்றாலும் சரி. நகையும் நிலமும் அப்படியே எண்ணப்படாது. ஆனால் நிலத்தை விற்ற பணத்துக்கு ஒரு சலுகை உண்டு: அது உங்கள் பெயரில் நிலமாக இருந்த காலத்தையும் ஆறு மாதத்தில் சேர்த்துக்கொள்வார்கள், விற்ற பத்திரம் இருந்தால். அப்பா பெயரில் உள்ள டெபாசிட் உங்கள் சேமிப்பு அல்ல. அவர் அதை அன்பளிப்பாக உங்களுக்கு மாற்றித் தரலாம். மாற்றிய நாளிலிருந்துதான் ஆறு மாதம் ஓடத் தொடங்கும். கடனாக வாங்கிய பணத்தைப் போட்டு வைப்பதை விதி ஏற்காது.

காகிதங்கள் ஒத்துப்போக வேண்டும்

பேஸ்லிப்பில் உள்ள நிகரச் சம்பளமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வந்து விழுந்த தொகையும் மாதாமாதம் ஒன்றாக இருக்க வேண்டும். சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது, அதில் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டு மீதியைப் போடுகிறீர்கள் என்றால், போட்ட தொகைதான் உங்கள் வருமானம். ரொக்கம் வாங்குபவர்கள் முழுத் தொகையையும் முதலில் பேங்கில் போட்டுவிட்டு அப்புறம் எடுத்துச் செலவு செய்யுங்கள். விசாவை முடிவு செய்யும் உள்துறையான ஹோம் ஆபிஸ் வரித்துறையிடம் சரிபார்க்க முடியும் என்பதால், இல்லாத சம்பளத்தை ஓட்டிக் காட்டும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கம்பெனிக் கடிதத்தில் இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று மட்டும் இருந்தால் போதாது. வரிக்கு முந்தைய ஆண்டுச் சம்பளம், எவ்வளவு காலமாக வேலை, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மின்னஞ்சலில் வரும் பேஸ்லிப்பாக இருந்தால் அவை உண்மையானவை என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். எச்ஆரில் இருப்பவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்காது. என்னென்ன வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

தேதியில் தவறுபவர்களும் உண்டு. விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் பணம் கட்டிய நாள். கைரேகை கொடுக்கப் போகும் நாள் அல்ல. கடைசி பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்ட்டும் அந்த நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். ஆக, எந்தப் பிரிவு என்று முதலில் முடிவு செய்து, அந்தப் பிரிவுக்கு ஏற்ற நாளைக் குறித்து, அப்புறம்தான் காகிதம் சேர்க்க வேண்டும். பலர் செய்வது இதற்கு நேர் எதிர்.

இந்தச் சோதனை ஒருமுறையோடு முடிவதும் இல்லை. முதல் விசா 33 மாதம், நீட்டிப்பு 30 மாதம், ஐந்து ஆண்டு ஆனதும் நிரந்தர வதிவிடம். மூன்று தடவையும் வருமானம் காட்ட வேண்டும். நீட்டிக்கும்போது இங்கே வந்து சட்டப்படி வேலை செய்யும் துணையின் சம்பளத்தையும் சேர்க்கலாம் என்பதால் பலருக்கு அது எளிதாகிவிடுகிறது. 2024 ஏப்ரல் 11க்கு முன்பே விண்ணப்பித்து அதே துணையுடன் தொடர்பவர்களுக்கு இன்னும் பழைய 18,600தான். இது தெரியாமல் 29,000க்காக இரண்டாவது வேலை தேடுகிறவர்கள் முதலில் தங்கள் பழைய விண்ணப்பத் தேதியை எடுத்துப் பார்க்கட்டும்.

மறுப்பு வந்துவிட்டால், மூன்று ஆண்டுகளுக்கென்று விண்ணப்பிக்கும்போதே கட்டிய 3,105 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், விண்ணப்பக் கட்டணம் கிடைக்காது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அது மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு பேஸ்லிப் குறைந்தது, கடிதத்தில் ஒரு விவரம் விடுபட்டது போன்ற காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதுதான் பெரும்பாலும் வேகமான வழி. ஹோம் ஆபிஸ் விதியையே தவறாகப் படித்திருக்கிறது என்று தோன்றினால் மட்டும், காலக்கெடு முடிவதற்குள் அனுமதி பெற்ற குடிவரவு வழக்கறிஞரிடம் மறுப்புக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.