வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் மேசை: 4 அடிக்கு 2 அடி, கீழே சாமான் தட்டோடு

சிமெந்துத் தரையில் குந்தியிருந்து வெல்டிங் பழகினால் இடுப்பு நோகும், மூலைமட்டமும் வராது. மேசை சமமாக இருந்தால்தான் அதன்மேல் வைத்து ஒட்டும் கேற்றும் கதிரையும் சமமாக வரும். மேலே 6 மி.மீ. தகடு போதும். அது வளையாமல் நிற்பது, எந்த வரிசையில் சூடு கொடுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியவை: 1200க்கு 600 மி.மீ. தகடு ஒன்று (ஏறக்குறைய 34 கிலோ, தூக்க இருவர் வேண்டும்), 3 மி.மீ. தடிப்புள்ள 2 அங்குலப் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) 20 அடியில் இரண்டு, 12 மி.மீ. போல்ட் நான்கு, நட்டு எட்டு, 2.5 மி.மீ. தடிப்பில் 6013 வகை வெல்டிங் ரொட் ஒரு கிலோ. கல்லடி, கல்முனைப் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து ஜி.ஐ. (நாகம் பூசிய) பார் கேட்பார்கள். இதற்குக் கறுப்பு இரும்பே நல்லது. ஜி.ஐ.தான் கையில் இருக்கிறதென்றால், ஒட்டும் இடத்தில் ஓர் அங்குலத்துக்கு நாகப்பூச்சைக் கிரைண்டரால் முழுதாகத் தேய்த்தெடுங்கள். நாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் இரவுக்குக் குளிர்காய்ச்சல் வரலாம்.

முதல் பாரில் 1100 மி.மீ. இரண்டு, 760 நான்கு, 400 ஒன்று. இரண்டாவதில் 1000 இரண்டு, 400 நான்கு. மிச்சம் இரண்டு மீற்றருக்கு மேல் வரும், எறிய வேண்டாம்.

முதலில் மேல்சட்டம். 1100 நீளங்கள் இரண்டுக்கும் இடையில் 400 துண்டுகளை வையுங்கள்: இரு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. 70 முதல் 85 அம்பியரில் மூலைக்கு ஒரு பொட்டு (சின்னப் புள்ளி ஒட்டு) மட்டும் வைத்து நிறுத்துங்கள். முதலில் துண்டிரும்பில் பார்ப்பது நல்லது: ஓட்டை விழுந்தால் அம்பியரைக் குறையுங்கள், ஒட்டு கயிறுபோல் மேலே குவிந்தால் கூட்டுங்கள். இனி மூலைக்கு மூலை நாடா பிடியுங்கள். இரண்டு பக்கமும் 1208 மி.மீ. காட்ட வேண்டும். 3 மி.மீ. வித்தியாசம் என்றாலும், நீளம் கூடிய மூலையில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யுங்கள். பொட்டோடு இருக்கும்போது ஒரு தட்டில் வந்துவிடும். முழுதாக ஒட்டிய பிறகு வராது.

760 துண்டுகள் நான்கும் கால்கள். அவற்றின் அடிக்கு 5 மி.மீ. தகட்டில் 50க்கு 50 துண்டுகள் நான்கு வெட்டி, நடுவில் 14 மி.மீ. துளை போடுங்கள். நட்டைத் துளைக்கு நேரே ஒட்டும்போது பழைய போல்ட் ஒன்றில் எண்ணெய் தடவி அதற்குள் முறுக்கி வையுங்கள். நட்டும் நேராக நிற்கும், மரையில் தீப்பொறியும் ஒட்டாது. நட்டு காலுக்குள் போகும்படி தகட்டை மூடி ஒட்டி, போல்டைக் கீழிருந்து முறுக்குங்கள். மற்ற நட்டு இறுக்கிப் பிடிப்பதற்கு. தரை ஏற்ற இறக்கமாக இருந்தால் இதில்தான் சமப்படுத்துவீர்கள். மேசை 850 மி.மீ. உயரத்துக்கு வரும்.

கால்களைச் சட்டத்தில் மூலைமட்டம் பார்த்து நிறுத்தி, தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில், கால்களுக்கிடையே 1000 இரண்டும் மிச்ச 400 இரண்டும் வைத்துக் கீழ்ச்சட்டத்தைப் பொருத்துங்கள். எல்லாம் பொட்டில் நிற்கும்போது இன்னொரு தரம் அளந்துவிட்டு முழுதாக ஒட்டுங்கள். ஒரு மூலையில் ஒட்டினால் அடுத்தது அதற்கு எதிர் மூலை.

தகட்டைக் கவிழ்த்து அதன்மேல் சட்டத்தைத் தலைகீழாக வையுங்கள். சுற்றிவர 50 மி.மீ. தகடு வெளியே நிற்க வேண்டும், கிளாம்ப் பிடிப்பது அதில்தான். பலர் கெடுப்பது இந்த இடத்தில்: உறுதி வேண்டுமென்று சுற்றிவர ஒரே இழுவையாக ஒட்டிவிடுவார்கள். ஒட்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். அந்த வளைவை எடுப்பது பெரும்பாடு. 25 மி.மீ. ஒட்டு, 150 மி.மீ. இடைவெளி, பக்கம் மாறி மாறி. கை வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தகடு ஆறிய பிறகே அடுத்த ஒட்டு.

கீழ்த்தட்டுக்கு மூடிய தகட்டைவிட இரும்பு வலை நல்லது, கிரைண்டர் தூசி தங்காது. மிச்சப் பாரில் 100 மி.மீ. துண்டுகள் வெட்டிச் சட்டத்தின் பக்கவாட்டில் நிமிர்த்தி ஒட்டினால் சுத்தியலும் கம்பித் தூரிகையும் அதற்குள் நிற்கும். ரொட்டை அங்கே திறந்து வைக்காதீர்கள். மாரியில் ஈரம் இழுத்தால் தீ சீறும், ஒட்டில் ஊசித்துளை விழும். இறுக்க மூடும் டின் ஒன்று வேண்டும். தின்னர், பெயின்ற், எண்ணெய்த் துணி எதுவும் மேசைக்குக் கீழே கூடாது. பொறி நேராக அங்கேதான் விழும்.

சட்டத்துக்கு ரெட் ஒக்சைட் அடியுங்கள். மேல் தகட்டுக்குப் பெயின்ற் வேண்டாம்: எர்த் பிடிக்காது, புகையும். வேலை முடிந்ததும் மெல்லிதாக எண்ணெய் துடைத்து வையுங்கள், அடுத்த முறை ஒட்டுமுன் அதைத் துணியால் எடுத்துவிடுங்கள்.