மும்பைத் தமிழர்கள் உயில் எழுதும் முறை

மாட்டுங்காவில் ஒரு ஃபிளாட்டும் தஞ்சாவூர்ப் பக்கம் சிறிது நிலமும் வைத்திருப்பவர், ஹவுசிங் சொசைட்டியில் மனைவியை நாமினியாகப் பதிந்ததாலேயே வீடு அவருக்கு உரிமையாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. யாருக்கு உரிமை என்பதை உயில் முடிவுசெய்கிறது. உயில் இல்லையெனில் வாரிசுரிமைச் சட்டம் முடிவுசெய்கிறது. உயிலின்றி இறக்கும் இந்து ஆணின் சொந்தச் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. தந்தை அந்த முதல் வரிசையில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

ஆகவே, சொசைட்டியின் பங்குச் சான்றிதழ் எண், ஊர் நிலத்தின் சர்வே எண், பட்டா எண், வங்கிக் கணக்குகள், நகைகள் ஆகியவற்றைக் குறித்து, எது யாருக்கு என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். "பிள்ளைகள் பார்த்துப் பிரித்துக்கொள்ளட்டும்" என்ற வரி, வழக்குக்குத் தாமே அழைப்பு வைப்பதாகும்.

வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இரு சாட்சிகளேனும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அவர்கள் சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் உங்களைவிட இளையவர்களாகவும் இருப்பது நல்லது. தமிழில் எழுதிய உயிலும் செல்லும், ஆனால் மும்பை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படும். பதிவு கட்டாயமில்லை, ஆயினும் பிள்ளைகளுக்குள் பிணக்கு இருந்தால் பதிந்துவிடுங்கள்.